அருள்மொழி வாங்கிய மைக்ராஸ்கோப்

அருள்மொழிக்கு வலது கண் கிடையாது. எட்டு வயதில் போனது. அவளுடைய அண்ணன் சரத்குமாருக்கு அப்போது பன்னிரண்டு. உப்பளத்து மேட்டில் பையன்கள் நாலு பேரோடு பந்தயம் கட்டினான். காதோரமாக உண்டிவில்லால் கல்லை விட்டாலும் தன் தங்கை கண் சிமிட்டாமல் நிற்பாள் என்றான். அண்ணன் சொல்லிவிட்டானே என்று அவளும் அசையாமல் நின்றாள். முதல் கல் காதைத் தாண்டிப் போனது. இரண்டாவது போகவில்லை.

அப்பா கண்ணாயிரம் மரக்காணம் அளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவர். அன்றைக்குக் கிழக்கே மேகம் கூடியிருந்தது. பாத்தியில் விளைந்து கிடந்த உப்பை மழைக்கு முன்னால் வாரிக் குவித்து மூடியாக வேண்டும். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விடச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மூன்று நாள் மழை வரவில்லை. உப்பு முழுவதும் கரை ஏறிய பிறகுதான் மகளைப் பாண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதல் நாளே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். சீட்டில், கீழே விழுந்து அடிபட்டது என்று எழுதினார்கள். அப்பாதான் அப்படிச் சொன்னார். வீட்டிலும் எல்லாரும் அதையே சொல்லிச் சொல்லி, கொஞ்ச நாளில் சரத்குமாரே அதை நம்பிவிட்டான்.

"அப்பன் பேரு கண்ணாயிரம், பொண்ணுக்கு ஒண்ணே ஒண்ணு" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை முதலில் யார் சொன்னது என்று தெரியாது. அவளைப் பெண் பார்க்க வந்த ஒரே குடும்பமும் வாசலில் செருப்பு மாட்டும்போது அதைத்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனது.

இருக்கிற கண்ணுக்கு அளத்து வெள்ளை வெயில் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அவளை உப்பு வேலைக்கு அனுப்பவில்லை. திண்டிவனத்தில் ஐடிஐ படித்தாள், எலக்ட்ரானிக்ஸ். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனபோது வாசலிலேயே கண் பரிசோதனை வைத்தார்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு போர்டில் இருக்கும் எழுத்தைப் படி என்றாள் நர்ஸ். இவள் மூடிக்கொண்டு சும்மா நின்றாள். வரிசையில் பின்னால் நின்றவர்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் அவள் எங்கும் வேலை கேட்டுப் போகவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு, வீடியோ பார்த்துப் பார்த்து போன் போர்டு பழுது பார்க்கக் கற்றுக்கொண்டாள். மரக்காணம் பஸ் ஸ்டாண்டு எதிரில் மொபைல் கடை வைத்திருந்த மோகன் அவளுக்கு வேலை கொடுத்தான். அளத்து ஆட்களின் போனும் கடலுக்குப் போகிறவர்களின் போனும் அந்தப் பக்கத்தில் ஒரே மாதிரிதான் சாகும். உப்புத் தண்ணீர் உள்ளே போய், போர்டில் இருக்கும் செம்புக் கோடுகள் பச்சை பூத்து அறுந்துபோகும். அறுந்த இடத்தில் முடியைவிட மெல்லிய கம்பியை வைத்துப் பற்றவைக்க வேண்டும். மோகனுக்கு அது வராது. காலையில் போர்டுகளை அவளிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வாங்கிப்போய்த் தான் செய்ததாகச் சொல்லிக்கொள்வான். "ஒத்தக் கண்ணு பொம்பள பண்றான்னு தெரிஞ்சா எவம்மா போனக் குடுப்பான்?" என்று அவளிடமே கேட்டான். அவளுக்கும் அது சரியென்றே பட்டது.

முப்பத்தைந்து தாண்டியபோது கிட்டத்துப் பார்வை மங்க ஆரம்பித்தது. நெற்றியில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி போதவில்லை. ஒரே மாதத்தில் இரண்டு நல்ல போர்டுகள் அவள் கையில் வீணாயின. ஒன்றில் பற்றவைக்கிற சூட்டுக்கோல் நழுவி, கடுகைவிடச் சின்னதாக இருந்த நாலு பாகங்களை ஒன்றாக இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"இனிமே பெரிய போனு எதுவும் உங்கிட்ட குடுக்க மாட்டேன்" என்றான் மோகன். "கீபேடு போனு சார்ஜ் பின்னு மாத்துறதுன்னா குடுக்கறேன்."

"மைக்ராஸ்கோப் ஒண்ணு வாங்கிட்டா பண்ணிடுவேண்ணா."

"வாங்கேன். நானே கூட்டிட்டுப் போறேன். மெட்ராஸ்ல எனக்கும் ஒரு வேலை கிடக்குது."

வாங்கும் முன் நாலு மாதம் அதைப் பற்றியே படித்தாள். வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். வீட்டில் உட்கார்ந்து சின்ன போர்டு பற்றவைக்க வேண்டுமென்றால் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் வாங்கு, இரண்டு கண்ணாலும் பார்க்கிறது, அதில்தான் ஆழம் தெரியும், கேமரா வைத்த டிஜிட்டல் எல்லாம் விளையாட்டுச் சாமான் என்றார்கள். இரண்டு கண் இல்லாதவள் எதை வாங்குவது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருவருக்குக் கீழே அவள் கேள்வி எழுதிப் போட்டாள். யாரோ சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டிருந்தார்கள்.

மெட்ராஸ் ரிச்சி தெருவில் மாடி ஏறிப் போகிற ஒரு கடை. விற்பனைக்கு நின்றவன் பெயர் ராமதாஸ். அருள்மொழி ஒரு பழைய போர்டும் தன்னுடைய சூட்டுக்கோலும் பையில் கொண்டுபோயிருந்தாள். வெறுமனே பார்த்து வாங்கினால் ஏமாந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் பேனா மாதிரி ஒன்றைக் கொடுத்தான். கம்ப்யூட்டரில் சொருகிப் பார்ப்பது. அவள் சூட்டுக்கோல் நுனியால் போர்டை டக்கென்று தட்டினாள். சத்தம் வந்து முடிந்த பிறகுதான் திரையில் நுனி இறங்கியது.

"இதுல பண்ணா கை ஒரு பக்கம் போயி கண்ணு ஒரு பக்கம் நிக்கும். வேணாங்க" என்றாள்.

அடுத்தது ஸ்டீரியோ. நாற்பத்தைந்து மடங்கு பெரிசாகத் தெரியும் என்று ராமதாஸ் பெருமையாகச் சொன்னான். "நாப்பத்தஞ்சுல யாருங்க பத்தவெப்பாங்க? பத்து, இருவது போதும்" என்றாள். லென்சு போர்டுக்கு மிகக் கிட்டே நின்றது. சூட்டுக்கோலை உள்ளே நுழைத்தால் லென்சில் புகை படியும். கீழே திருகி மாட்டுகிற அரை லென்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்கி மாட்டிப் பார்த்தாள். குழாய் உயர ஏறிக்கொண்டது. இரண்டு கையும் தாராளமாக நுழைந்தது. மேஜையை விரலால் தட்டி, தண்டு ஆடுகிறதா என்று பார்த்தாள். லேசான அடி வைத்த இரண்டை ஒதுக்கினாள். கனமான இரும்பு அடி வைத்து, கேமரா மாட்ட மூன்றாவது குழாயும் உள்ள ஒன்றைக் காட்டி, "இருக்கறதுல இதுதான் நல்லது" என்றாள். மோகன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இப்ப ரெண்டு கண்ணையும் வெச்சிப் பாருங்க மேடம். நடுவுல இருக்கிற எடவெளிய உங்க கண்ணுக்கு சரி பண்ணுங்க. ரெண்டு வட்டமும் ஒண்ணாவும், அப்பதான் ஆழம் தெரியும்" என்றான் ராமதாஸ்.

அருள்மொழி கண்ணை மறைக்கப் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. "எனக்கு ஒண்ணாவாதுங்க" என்றாள்.

"ஆவும் மேடம், திருகுங்க."

"ஏம்பா, அவளுக்கு இருக்கறதே ஒரு கண்ணு" என்றான் மோகன். "ஒரு குழாயக் கழட்டி வெச்சிக்கிட்டு பாதி வெலைக்குக் குடேன்."

கடையில் இருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். ராமதாஸ் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், திரும்பி நின்று அலமாரியைத் துடைத்தான். அருள்மொழி அவன் திரும்புகிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு மூலையில் இருந்த ஒன்றைக் காட்டினாள். ஒரே தண்டில் கேமராவும் அகலமான திரையும். கம்ப்யூட்டர் வேண்டாம். நுனியால் தட்டிப் பார்த்தாள். சத்தமும் படமும் ஒன்றாக வந்தன.

"இதுல ஆழம் தெரியாது மேடம். தட்டையாத்தான் தெரியும்."

"எனக்கு எதுலயும் தெரியாதுங்க. இதையே குடுங்க."

அவள் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு மோகன் ராமதாஸைக் கூப்பிட்டான். "இவ நல்லதுன்னு சொன்னா பாரு, மூணு குழாய் வெச்சது, அத கடைக்கு ஒண்ணு போட்டுடு." பாண்டியிலிருந்து ஒரு டெக்னீஷியன் அடுத்த வாரம் கடையில் சேருகிறான் என்று வரும் வழியில் காரில் சொன்னான். "உனக்கும் வேலை வரும் அருளு. சின்னச் சின்னதா." மரக்காணம் வரும் வரை அவள் பெட்டியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ராமதாஸ் சொன்னதில் பொய் இல்லை. திரையில் எல்லாம் தட்டையாகத்தான் தெரிந்தது. சூட்டுக்கோல் நுனி போர்டில் பட்டுவிட்டதா, மயிரிழை மேலே நிற்கிறதா என்று தெரியவில்லை. முதல் வாரம் பழைய போர்டுகளாகப் பொசுக்கித் தள்ளினாள். பின்னறையிலிருந்து வரும் புகைக்கு அண்ணி விஜயலட்சுமி மூக்கைப் பொத்திக்கொண்டு, "வூட்ட சுடுகாடாக்கிட்டா" என்றாள். அண்ணன் மகன் செந்தமிழுக்கு மட்டும் அது பிடித்திருந்தது. மூன்று வயது. பெயர் அருள்மொழி வைத்ததுதான். எங்கிருந்தாவது ஓர் எறும்பைப் பிடித்து வந்து லென்சுக்குக் கீழே விட்டு, திரையில் அது நாய் அளவுக்கு நடப்பதைப் பார்த்துக் கத்துவான்.

எறும்பைப் பார்க்கும்போதுதான் அவளுக்கு அது தெரிந்தது. அன்றைக்கு லென்சைச் சுற்றியிருக்கும் வளைய விளக்கு எரியவில்லை. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தது. எறும்பு ஒரு காலைத் தூக்கும்போது காலும் அதன் நிழலும் பிரிந்தன. கால் ஊன்றியபோது இரண்டும் ஒட்டிக்கொண்டன. அவள் வளைய விளக்கைப் போடாமலே விட்டாள். இடது பக்கம் தாழ்வாக ஒரு சின்ன விளக்கை வைத்தாள். சூட்டுக்கோலை இறக்கினாள். வலது பக்கத்திலிருந்து நிழல் வந்தது. நுனியும் நிழலும் எந்த இடத்தில் சேர்ந்தனவோ அந்த இடத்தில் ஈயம் உருகியது.

அதற்கு அப்புறம் அவள் கை தவறவில்லை. செய்கிற வேலையையெல்லாம் அந்த மைக்ராஸ்கோப்பில் இருந்த மெமரி கார்டில் பதிந்துகொள்வாள். எந்த இடத்தில் கை நடுங்கியது என்று போட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்வதற்கு.

மோகன் கடைக்கு வந்த பாண்டி ஆள் நல்ல கருவியை வைத்துக்கொண்டு பேச்சுதான் பேசினான். கிளியனூர் டீச்சர் ஒருவர், கடையில் செத்துவிட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்த போனை எடுத்துக்கொண்டு, விசாரித்து நேரே அருள்மொழி வீட்டுக்கு வந்தார். ஒன்றரை மணி நேரத்தில் போன் எழுந்தது. டீச்சர் நாலு பேரிடம் சொன்னார். மூன்று மாதத்தில் மீனவர் குப்பத்திலிருந்தும், அளத்திலிருந்தும், அதிராத குரலில் பேசும் வெள்ளைக்காரர் ஒருவர் இடையஞ்சாவடியிலிருந்தும் வந்தார்கள். பாண்டி ஆள் கடையை விட்டு நின்றுவிட்டான்.

மோகன் ஒருநாள் வீட்டுக்கே வந்தான். பின்னறை வாசலில் நின்று திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"கார்டெல்லாம் போடலாமா இதுல?"

"போடலாண்ணா. பதிஞ்சிக்கும்."

"நல்லாருக்குது" என்றான். "நல்லா பண்ணு."

பத்து நாள் கழித்து, கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணின் பார்க்கக் கூடாத படம் ஊர் முழுக்கப் போனில் சுற்றியது. அந்தப் பெண்ணின் போனில் சார்ஜ் ஏறவில்லை என்று அருள்மொழிதான் சரிசெய்து கொடுத்திருந்தாள். அவள் வீட்டில் இருப்பது மைக்ராஸ்கோப்பே இல்லை, கேமரா, போன் கொடுக்கிற பெண்களின் படமெல்லாம் அதில் இறங்கிவிடும், கார்டு போடுகிற ஓட்டையைக் கண்ணால் பார்த்தேன் என்று மோகன் கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் எட்டுப் பேர் வந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் முன்னால் நின்றார். உப்பு லாரி ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்த சரத்குமார் சட்டைகூட மாற்றவில்லை.

"கார்டக் குடு" என்றார் தாய்மாமன்.

"குடுக்கறேன். எல்லார் முன்னாடியும் போட்டுப் பாருங்க" என்றாள் அருள்மொழி. அவளே மைக்ராஸ்கோப்பைத் தூக்கிவந்து கூடத்து டிவியில் இணைத்தாள்.

எட்டுப் பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். திரையில் பச்சைப் போர்டு வந்தது. ஓர் இடுக்கி வந்தது. ஈயம் உருகி உருண்டது. அடுத்ததிலும் போர்டு. அதற்கடுத்ததிலும். அண்ணி எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். முக்கால் மணி நேரம் பார்த்தார்கள். நடுவில் ஒரு தடவை பெரிய எறும்பு ஒன்று நடந்தது, செந்தமிழ் சிரிக்கிற சத்தம் கேட்டது. பின்வரிசையில் இருந்த ஒருவன் கொட்டாவி விட்டான். எதற்காகவோ வந்து எதுவும் கிடைக்காமல் போகிறவர்களின் எரிச்சல் அவர்கள் முகத்தில் ஏறிக்கொண்டே போனதை அவள் பார்த்தாள்.

"அழிச்சிருப்பா" என்றார் தாய்மாமன், டம்ளரைக் கீழே வைத்து.

"அழிக்கலைங்க. அப்படி ஒண்ணு இருந்ததே இல்ல."

"ஒத்தக் கண்ண வெச்சிக்கிட்டே ஊர் பொண்ணுங்கள இந்தப் பாடு படுத்தறாளே" என்றான் கொட்டாவி விட்டவன்.

சரத்குமார் எழுந்து வெளியே போனான். லாரியிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்துவந்தான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. முதல் அடியில் திரை போனது. கேமராவைத் தண்டோடு பிடுங்கித் தரையில் போட்டு அடித்தான். "இனிமே இது இந்த வூட்ல இருக்காது. போதுமா?" என்று வந்தவர்களிடம் கேட்டான். போதும் என்று எழுந்து போனார்கள். அருள்மொழி குனிந்து லென்சைத் தேடினாள். அது உடையாமல் பீரோவுக்கு அடியில் உருண்டிருந்தது. தனி லென்சை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

படத்தை அனுப்பியது அந்தப் பெண்ணை நிச்சயித்த மாப்பிள்ளைதான் என்று இரண்டு வாரத்தில் தெரிந்துபோனது. கல்யாணம் நடந்தது. பந்தல் செலவு நன்றாகச் செய்தார்கள். அருள்மொழி வீட்டுக்கு எட்டுப் பேரில் ஒருவரும் திரும்ப வரவில்லை. சரத்குமார், "அன்னிக்கி நான் ஒடைக்கலன்னா அவனுங்க உன்ன ஒடச்சிருப்பானுங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அதையும் அவன் நம்பத் தொடங்கிவிட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

மோகன் வந்தான். "கடைக்கு வந்துடு அருளு. உள்ள தடுப்புக்குப் பின்னால உக்காந்து பண்ணு. நீ பாத்து வாங்கின மிஷினு சும்மாதான் கிடக்குது."

அவள் போனாள். மூன்றாவது குழாயில் கேமரா மாட்டித் தரச் சொன்னாள். கேமரா என்ற பேச்சே கூடாது என்றான். ஒரு குழாயில் கண்ணை வைத்து, நாள் முழுக்கக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வேலை செய்தாள். வலது பக்கக் குழாய் அவளுடைய மூடிய இமையில் பட்டுப் பட்டு அங்கே ஒரு தழும்பு விழுந்தது.

அந்த ஐப்பசியில் செந்தமிழ் காய்ச்சலில் இறந்துபோனான். நாலு நாள் படுத்திருந்தான். சரத்குமார் லாரி ஓட்டப் போவதை நிறுத்தினான். எங்கே உட்கார்ந்தாலும் போனில் மகன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு எங்கும் எடுத்து வைக்கவில்லை. எல்லாம் அந்த ஒரு போனில்தான் இருந்தது. தையில் ஒருநாள் குடித்துவிட்டு அளத்து வாய்க்கால் ஓரம் விழுந்து கிடந்தபோது போன் உப்புத் தண்ணீரில் ஊறிப்போனது.

அதை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடி வந்தான். தடுப்புக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து, "எப்படியாவது எடுத்துக் குடும்மா. என் புள்ள அதுலதான் இருக்கான்" என்றான். அவளை அம்மா என்று அவன் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

போர்டைக் கழுவிக் குழாய்க்குக் கீழே வைத்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பாகம் உப்பில் பொரிந்து, மின்சாரத்தை வேறு வழியில் இழுத்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி எடுத்தாள். போன் எழுந்தது. மேல் படத்தில் செந்தமிழ் ஈறு தெரியச் சிரித்தான். தடுப்புக்கு வெளியே அண்ணன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

ஒவ்வொன்றாகப் பார்த்தாள், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. குளிக்கிறான். ஓடுகிறான். லாரி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எல்லாவற்றையும் ஒரு கார்டில் இறக்கி, கார்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். செய்தாள் என்று ஊர் அவள்மேல் பழி போட்டதை அன்றைக்குத்தான் முதன்முதலில் செய்தாள். பிறகு போனை அணைத்து, வெப்பக் காற்றைப் போட்டு, மெமரி சிப்பைத் தேவைக்கு மேல் சூடேற்றினாள். அது கறுத்து உப்பியதும் காற்றை நிறுத்தினாள். இனி எந்த ஊரில் எவனிடம் கொடுத்தாலும் அதில் ஒன்றும் வராது. கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது.

"இன்னா அருளு, வருமா?" என்று கேட்டான் மோகன்.

"வராதுண்ணா. சிப்பு போயிடுச்சி."

சரத்குமார் தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். அவள் இருக்கையை அவனுக்கு விட்டுக்கொடுத்தாள். அவன் இரண்டு கண்ணையும் குழாயில் வைத்து, கறுத்துப்போன அந்தச் சின்னச் சதுரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் என்ன தெரியும் என்று எதிர்பார்த்தானோ.

வீட்டில் அண்ணி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பாமலே கேட்டாள். "எல்லாம் போச்சா?"

"போச்சு அண்ணி" என்றாள் அருள்மொழி.

அண்ணி சோற்றை வடித்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். மறுநாள் காலையில் அருள்மொழி எட்டே காலுக்கு வரும் பஸ்ஸில் கடைக்குப் போனாள்.